மலிவாய் வந்த மோட்டார் வண்டி

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் வேலை பார்க்கும் எங்கள் அண்ணனிடமிருந்து சென்ற செப்டம்பரில் ஒரு செய்தி வந்தது. அவர் தெருவில் ஒருவர் வீட்டுக் கொட்டகையில், எட்டு ஆண்டுகளாய்த் தார்ப்பாய்க்குள் கிடக்கும் ‘ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்’ என்னும் ஸ்போர்ட்ஸ் கார் விலைக்கு வந்திருக்கிறதாம். 1978-ஆம் ஆண்டு வண்டி, இருவர்தாம் அமரலாம். கேட்ட விலையோ, கிறிஸ்துமஸுக்கு ஊர் வர அண்ணன் சேர்த்து வைத்திருந்த விமானக் கட்டணத்துக்குச் சரியாக இருந்தது. “வாங்கலாமா அப்பா?” என்று கேட்டிருந்தார். “மழை பெய்தால் கூரை உண்டா?” என்று மட்டும் கேட்டார் அம்மா. கித்தான் கூரைதான் உண்டு.

எங்கள் அப்பா மோட்டார் மெக்கானிக். தொழில் பழகிய காலத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களோடு புழங்கியவர். சென்னைக்கு அருகே பெருங்களத்தூரில் 1961 முதல் தயாரான அந்த ஹெரால்டும், இங்கிலாந்தில் 1962-இல் வெளிவந்த ஸ்பிட்ஃபயரும் ஒரே குடும்பத்தவை. இரண்டுக்கும் உருவம் வகுத்தவர் மிக்கேலோட்டி என்ற இத்தாலியர். ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கியே ஸ்பிட்ஃபயரைச் செய்தனர். ஆகவே, காணாத வண்டியானாலும் அப்பாவுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. அவர் விளக்கியதில் எங்களுக்குப் புரிந்ததை இங்கு எழுதுகிறோம்.

ஓடாமல் கிடக்கும் வண்டி ஓய்வெடுப்பதில்லை, கெட்டுக்கொண்டே இருக்கிறது. பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடிக்கும். டயரில் பட்டன் தேயாதிருந்தாலும் ரப்பர் வெடித்திருக்கும். இஞ்சினை உடனே பேட்டரி மாட்டிச் சுழற்றிப் பார்ப்பது தவறு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளையில் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் பொறுத்து, ஸ்பானரால் கையாலேயே சுற்ற வேண்டும். பின்னர் ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் முன்னாலுள்ள கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் உள்ளேயிருக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது என்று பொருள். இந்த 1493 சி.சி. இஞ்சினின் பெயர்போன குறை அது.

இத்தனையும் செலவுதான்; ஆயினும் இவற்றால் அப்பா கலங்கவில்லை. உதிரி பாகங்கள் இன்றும் தாராளமாய்க் கிடைக்கின்றன. முன்பக்கத் தகடு முழுவதும் ஒரே மூடியாய்த் திறப்பதால், டயர்மேல் உட்கார்ந்தே வேலை செய்யலாம்.

அவர் கேட்டது ஒன்றே: “தம்பி, கதவுக்குக் கீழே பார்த்தாயா?”

அங்கே ‘சில்’ எனப்படும் உள்கூடான தகட்டுப் பெட்டி நீளவாட்டில் ஓடுகிறது. ஹெரால்டில் அது வெறும் மூடி. உடம்பைத் தாங்கச் சேஸிஸுக்குப் பக்கவாட்டுக் கைகள் இருந்தன. ஸ்பிட்ஃபயரில் அக்கைகளை நீக்கிவிட்டு, அந்தப் பாரத்தை இந்தச் சில்லின்மேல் சுமத்தினர். குளிர்காலத்தில் அந்நாட்டுச் சாலைகளில் தூவும் உப்பும், சேற்றால் அடைபட்ட வடிகால் துளைகளும் சேர்ந்தால் அது உள்ளிருந்து அரித்துப்போகும். வெளியே பட்டி பூசிச் சாயம் அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காந்தம் ஏமாறாது; பட்டி தடித்த இடத்தில் ஒட்டாமல் விழும். மேலும், ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கும்போது கதவின் இடைவெளி மாறினால், உடம்பு வளைகிறது என்பது தெளிவு.

விற்பவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அந்நாட்டில் 2018 மே முதல், நாற்பது ஆண்டு கடந்த, பெரிதாய் மாற்றப்படாத கார்களுக்கு ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. அவர் இதை ஒரு சலுகையாகச் சொன்னாராம். எங்களுக்கு அப்படிப் படவில்லை. சோதிக்கும் பொறுப்பு முழுவதும் வாங்குபவர் தலையில் விழுகிறது. ஆபத்தான நிலையிலுள்ள வண்டியைச் சாலையில் ஓட்டுவது அங்கும் குற்றமே.

மறு சனிக்கிழமை அண்ணன் காந்தமும் கையுமாகப் போனார். இடப்பக்கம் ஒட்டியது. வலப்பக்கம் மூன்று இடத்தில் ஒட்டாமல் விழுந்தது. ஜாக்கியில் ஏற்றியதும் வலக்கதவு மூடவே இல்லை. அப்பா படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இஞ்சின் போயிருந்தால் வாங்கச் சொல்லியிருப்பேன். இது வேண்டாம்,” என்றார். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்ட வேண்டும். அண்ணனுக்கு வெல்டிங் தெரியாது. கூலியோ அங்கே மணிக்கணக்கு. வண்டி விலையைப்போல் பல மடங்கு அதிலேயே போய்விடும். அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை.

அக்டோபரில் வெல்டர் ஒருவர் அதை வாங்கி லாரியில் ஏற்றினாராம். அண்ணனும் பின்னால் நின்று தள்ளிக் கொடுத்திருக்கிறார். “வேலை தெரிந்த கைக்குப் போயிற்று, நல்லது,” என்றார் அப்பா. அன்றிரவே அண்ணன் டிக்கெட் எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. மறுநாள் அப்பா பரணிலிருந்து ஹெரால்டின் பழைய கையேட்டை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தார். எதற்கென்று நாங்கள் கேட்கவில்லை.