பத்து சதவீத மண்

வணிக வளாகத்தின் மேல்தளத்தில் பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டிவைத்து, மணிக்கு இத்தனை ரூபாய் என்று வாங்கிக்கொண்டு பிள்ளைகளை ஓடவிடுகிறார்கள். வாடகையும் பால்கணக்கும் போக மிஞ்சுவதை எண்ணிப் பார்க்கும் குடும்பம், 'நமக்குக் கட்டுப்படியாகாது' என்று திரும்பி வந்து, பிள்ளையின் கையில் செல்போனைக் கொடுத்துவிடுகிறது. இது தப்புக்கணக்கு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை ஓடியாடப் பணம் தேவையில்லை. கொஞ்சம் தரை வேண்டும், ஒரு பெரியவரின் கண் அதன்மேல் இருக்க வேண்டும். கண் நம்மிடம் இருக்கிறது. தரைக்கு நம்மில் பலர் ஏற்கெனவே காசு கொடுத்தாகிவிட்டது. கொடுத்த காசுக்குரிய மண்ணைக் கேட்டு வாங்காமல் இருக்கிறோம், அவ்வளவுதான்.

எவ்வளவு ஓடினால் போதும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு வயது முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்று, நான்கு வயதில் அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். தவழத் தொடங்காத குழந்தையை விழித்திருக்கும்போது, விட்டுவிட்டு மொத்தம் 30 நிமிடமாவது குப்புறப் போட வேண்டும். தூங்க வைப்பது மட்டும் மல்லாக்கத்தான். தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து கட்டிவைக்கக் கூடாது. இரண்டு வயது வரை திரையே வேண்டாம். அதன்பின் ஒரு மணி நேரம், குறைந்தால் இன்னும் நல்லது. மூன்று மணி நேரமா என்று மலைக்க வேண்டாம். மாடிப்படியில் கைபிடித்து ஏறுவது, ரேஷன் கடைக்குக் கூடவே நடந்து வருவது, துணி காயப்போடும்போது கிளிப்பை எடுத்து எடுத்துத் தருவது, உப்புமூட்டை, கண்ணாமூச்சி, வாசலில் சுண்ணாம்புக்கட்டியால் கட்டம் போட்டு நொண்டி என்று துண்டு துண்டாகச் சேர்வதெல்லாம் இந்தக் கணக்கில் வரும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் இதில் பெரும்பகுதி தனி நேரம் கேட்பதில்லை. அவசரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற இடத்துக்கு, பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பி நடத்திக் கூட்டிப்போனால் போதும்.

'என் பிள்ளை ஒல்லி, அவனுக்கு எதற்கு ஓட்டம், சாப்பிட்டால் போதாதா' என்பது அடுத்த தடை. 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒரு பங்கினர் வயதுக்கேற்ற உயரமில்லை. பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அதே மாநிலத்தில், அதே ஆய்வில், பெண்களில் 40 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் எடை மிகுந்தவர்கள். மெலிந்த பிள்ளை வளர்ந்து பருத்த பெரியவராவது இங்கே அபூர்வமில்லை. எலும்பும் தசையும் உறுதிப்படுவது, கைகால் ஒருமிப்பு கூடுவது, தூக்கம் ஒழுங்குபடுவது எல்லாம் ஒல்லிக்கும் குண்டுக்கும் பொதுவானவை. சீக்கிரம் களைத்து உட்கார்ந்துவிடும் பிள்ளையை மட்டும் விரட்டக் கூடாது. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டி, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை இலவசமாகத் தர வேண்டிய இரும்புச்சத்து மருந்து கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி தரைக்கு வருவோம். ஒற்றை அறை வாடகை வீட்டில் நடையும் தாவலும் முடியும். மூச்சு வாங்க ஓட முடியாது. அதற்கு வெளி வேண்டும். தமிழ்நாட்டின் கட்டட, மனைப்பிரிவு விதிகள் அந்த வெளியை எப்போதோ ஒதுக்கிவிட்டன. 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையென்றால், நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். தானம் என்ற சொல்லைப் பார்த்து, மனை போட்டவர் ஊருக்குக் கொடை தந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் அந்த நிலத்தின் விலையையும் மற்ற மனைகளின் விலையில் ஏற்றித்தான் விற்றிருப்பார். கடன் வாங்கி மனை வாங்கியவரும், அந்த வீட்டுக்கு வாடகை கொடுப்பவரும் அந்தப் பத்து சதவீத மண்ணுக்குச் சேர்த்தே காசு கொடுத்தவர்கள். ஆனால் பல நகர்களில் அந்த இடத்தில் கருவேலம் மண்டிக் கிடக்கும், இல்லையென்றால் குடியிருப்போர் சங்கத்தின் கட்டடமோ குப்பை லாரியோ நிற்கும். பூங்காவாகவே ஆகியிருந்தாலும், பிள்ளை பால்வாடியிலிருந்து வரும் நேரத்தில் பூட்டிக் கிடக்கும்.

பூங்காவுக்கான இடத்தை இப்படி வேறு காரியத்துக்கு எடுக்கச் சட்டம் இடம் தருகிறதா? பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தை மருத்துவமனை கட்ட ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். குடியிருப்போர் வழக்குப் போட்டார்கள். பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா என்ற அந்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் ஒதுக்கீட்டைச் செல்லாதென்றது. நல்ல காரியத்துக்குத்தானே என்ற வாதம் எடுபடவில்லை. மருத்துவமனைக்கே பூங்காவை எடுக்க முடியாதென்றால், வண்டி நிறுத்தத்துக்கு எடுப்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? கிராமத்து மந்தைவெளிக்கும் களத்துக்கும் அதே நீதிமன்றத்தின் 2011 ஜக்பால் சிங் தீர்ப்பு துணைக்கு வரும். ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கத் திட்டம் வகுக்கும்படி அது எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. விளையாட்டைக் குழந்தையின் உரிமையாகச் சொல்லும் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவை 1992-இல் இந்தியாவும் ஏற்றது. அதை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனால் தேநீர்கூடக் கிடைக்காது என்பதும் உண்மை. தானப்பத்திரத்தின் எண் கையிலிருந்தால் பேச்சே வேறாக இருக்கும்.

இதெல்லாம் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் இருப்பவர்களுக்கு. குப்பத்திலும் பழைய தெருக்களிலும் அனுமதியில்லா மனைகளிலும் வாழ்பவர்களுக்கு என்ன வழி என்று கேட்கலாம். வலுவான கேள்வி. அவர்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் பொதுத் தரை பெரும்பாலும் அரசுப் பள்ளியின் மைதானம்தான். கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் அட்டவணை பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. இல்லாவிட்டால் 32-ஆம் பிரிவின்கீழ் உள்ளாட்சி அதிகார அமைப்பிடம் எழுத்தில் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதன்மேல் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் முறையிடலாம். மாலையில் அந்த மைதானத்தை ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். மாலை ஐந்து முதல் ஆறரை வரை, இரண்டு பெற்றோர் பொறுப்பில் கேட்டைத் திறப்பது என்று அந்தக் குழு தீர்மானம் போட்டுக் கேட்டால், தலைமையாசிரியர் மறுப்பதற்கு ஒரு காரணமாவது சொல்லியாக வேண்டும்.

வெளியே விட்டால் ஆபத்து என்ற அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒவ்வொரு ஆபத்தையும் அதனதன் அளவில் பார்க்க வேண்டும். புழுதியும் வியர்வையும் குளித்தால் போய்விடும். கோடையில் பதினொன்று முதல் மூன்றரை வரை வெயில் வேண்டாம். அந்நேரத்தில் இரும்புச் சறுக்குமரம் தோலைச் சுட்டுவிடும். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், தடுப்பூசி இலவசம். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. உண்மையிலேயே உயிரைக் குடிப்பது தண்ணீரும் பள்ளமும்தான்: மூடாத சம்ப், கட்டுமானக் குழி, பாதி நிறைந்த பக்கெட். மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2019-இல் கைவிட்ட ஆழ்துளைக் கிணறு இரண்டு வயதுக் குழந்தையைப் பலிவாங்கியது. அத்தகைய கிணறுகளை மூடும் முறையை உச்ச நீதிமன்றம் 2010-லேயே வகுத்திருந்தது. பாதுகாப்பென்று நினைத்து வீட்டுக்குள் வாங்கிவைக்கும் ஒரு சாமானும் இதில் சேரும். குழந்தையை உள்ளே உட்கார்த்தும் சக்கர வாக்கரை, படியில் உருண்டு தலையில் அடிபடுவதால் கனடா 2004-இல் அடியோடு தடைசெய்தது. அது நடக்கவும் கற்றுத்தருவதில்லை. திருவிழாக் கடையில் விற்கும் மர நடைவண்டி அப்படியில்லை. பிள்ளை தன் காலில் நின்று தள்ள வேண்டியது. விலையும் குறைவு.

மனு கொடுத்து, வழக்காடி, நிலம் மீள்வதற்குள் பிள்ளை கல்லூரிக்குப் போய்விடும் என்பார்கள். ஆக்கிரமிப்பு விஷயத்தில் அது பொய்யில்லை. அதனால்தான் வரிசையை மாற்ற வேண்டும் என்கிறேன். முதலில் நிலத்தைக் கேட்காமல் நேரத்தைக் கேளுங்கள். பூட்டிய பூங்காவைத் திறப்பது, உடைந்த ஊஞ்சலைச் சரிசெய்வது, வெறும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் விளக்குக் கம்பத்தை மூடுவது ஆகியவற்றுக்கு நீதிமன்றம் வேண்டாம். சென்னையில் மாநகராட்சியின் புகார் எண் 1913, மாநிலம் முழுக்க முதல்வரின் உதவி மையம் 1100, மாவட்டத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாள், இவற்றில் புகாரைப் பதிந்து அதன் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது நடக்கும்போதே பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கத்தைக் காசில்லாமல் பாருங்கள். தானப்பத்திரம் பதிவாகியிருந்தால் தெரியும். தெரியாவிட்டால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி உள்ளாட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம்: அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகல், தானப்பத்திர எண், அந்த இடத்தின் இப்போதைய பயன்பாடு. 30 நாளில் பதில் தர வேண்டும். கிராமத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை. தீர்மானமாக எழுதச் சொல்லி, பதிவேட்டில் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்; வெறும் வருகைக் கையெழுத்து உதவாது. நான்கு தாய்மார் சேர்ந்து போனால் தனியாள் என்று ஒதுக்க முடியாது. முதல் மனுவில் இரண்டே கேள்வி போதும்: இந்தப் பூங்காவின் சாவி யார் பொறுப்பில் இருக்கிறது, எந்த உத்தரவின்படி எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள்?