கல் இசைத்த முதியவரும் டான் டுன்னும்

இசையரங்கின் மேடையில் ஒரு வெண்திரையைத் தொங்கவிட்டால், அதனால் விளையும் பயன் யாது? கண்ணுக்கு ஓர் அலங்காரம் என்று பலர் விடை கூறுவர். அவ்வாறன்று, திரையில் தோன்றுபவரும் இசைக்குழுவில் ஒருவராக அமரலாம் என்று செய்து காட்டியவர் டான் டுன் என்னும் சீன இசைப்புலவர். ஒலி, ஒளி, படம் ஆகிய மூன்றையும் இணைத்துப் பெருநிகழ்ச்சிகளைப் படைக்கும் அவர், அந்த வழியை ஏன் தேர்ந்தார் என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

டான் டுன் 1957ஆம் ஆண்டில் ஹுனான் மாகாணத்தில் பிறந்தார். கிராமச் சடங்குகளில் கல்லையும் நீரையும் கொண்டு எழுப்பப்பட்ட ஓசைகள் இளமையில் அவரைக் கவர்ந்தன. பண்பாட்டுப் புரட்சியின் காலத்தில் நெல் நடும் வேலைக்கு அனுப்பப்பட்டார். பிறகு பீக்கிங் ஆப்பெரா எனப்படும் இசை நாடகக் குழு ஒன்றில் தந்தி வாத்தியம் இசைத்தார். 1978இல் பெய்ஜிங் மத்திய இசைக் கல்லூரியில் சேர்ந்தார். 1986இல் நியூயார்க் நகரம் சென்று, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கல்வியைத் தொடர்ந்தார். இங்ஙனம் கிராமத்துக் கல்லோசையும் மேனாட்டுப் பல்லிய இசையும் ஒருவரிடத்தே கூடின.

கல்லூரியில் பயின்ற காலத்தில், 1981இல், தம் மாகாணத்தின் மேற்பகுதியாகிய சியாங்சி மலைநாட்டிற்கு அவர் சென்றார். துஜியா, மியாவ் முதலிய சிறுபான்மை இனத்தார் வாழும் இடம் அது. அங்கே ஓர் ஊரில் வெறுங்கற்களைத் தட்டி இசை எழுப்பும் முதியவர் ஒருவரைக் கண்டு வியந்தார். மீண்டும் வந்து அக்கலையைக் கற்பதாகக் கூறி விடைபெற்றார். ஆயின், அவர் திரும்பிச் சென்றது 1999ஆம் ஆண்டில். இடையே 18 ஆண்டுகள் கழிந்துவிட்டன. முதியவர் மறைந்துவிட்டார், அக்கலையை அறிந்தவர் அவ்வூரில் எவரும் இலர். ஏட்டில் எழுதாக் கலை, அதனை உடையவரோடே மறைகிறது.

இவ்விழப்பினின்றும் பிறந்ததே ‘நிலப்படம்’ என்று பொருள்படும் பெயருடைய அவருடைய பெரும்படைப்பு. செல்லோ என்னும் தந்தி வாத்தியம், பல்லியக் குழு, ஒளிப்படம் ஆகிய மூன்றுக்குமாக அது இயற்றப்பட்டது. ஒன்பது பகுதிகளை உடையது. பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு 2003ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதனை முதன்முதல் அரங்கேற்றியது. புகழ்பெற்ற யோ-யோ மா செல்லோ வாசித்தார். மலைநாட்டுக் கலைஞர்கள் இலையை ஊதுவதையும், கைத்தாளம் தட்டுவதையும், பாடுவதையும் டான் டுன் அவரவர் ஊர்களிலேயே படம் பிடித்திருந்தார். கல்லோசைக்கும் ஒரு பகுதி உண்டு.

இப்படைப்பு இயங்கும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். அம்மலைநாட்டில் ‘பறக்கும் பாட்டு’ என்று ஒரு வகை உண்டு. ஒரு மலையில் நிற்பவர் பாட, எதிர்மலையில் நிற்பவர் மறுமொழி பாடுவார். டான் டுன்னின் அரங்கிலே திரையில் ஒரு மங்கை பாடுகிறாள். மேடையிலிருந்து செல்லோ அவளுக்கு விடை கூறுகிறது. இரு மலைகளுக்கு இடையே இருந்த வெளி, இப்போது திரைக்கும் மேடைக்கும் இடையே அமைகிறது. உயிருள்ள பாடகர் என்றால் பக்கவாத்தியக்காரருக்காகச் சற்று நின்று பாடுவார். படமோ யாருக்காகவும் காத்திராது. ஆதலின், குழுவை நடத்துபவர் ஒவ்வொரு நொடியும் விழிப்போடு இருத்தல் வேண்டும்.

பின்னரும் அவர் இவ்வழியில் சென்றார். ஹுனானில் பெண்கள் மட்டுமே தமக்குள் எழுதிவந்த ‘நூ ஷூ’ என்னும் எழுத்தையும், அதனோடு இயைந்த பாடல்களையும் பொருளாகக் கொண்டு, 13 குறும்படங்களும் யாழும் பல்லியமும் சேர்ந்த படைப்பொன்றை 2013இல் அளித்தார்.

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. படத்தில் அடைபட்ட கலை வாழுங் கலையாகுமா? உயிருள்ள கலைஞர் இன்று பாடியதுபோல நாளை பாடார். படமோ என்றும் ஒரே வகையாகப் பாடும். இஃது உண்மையே. படம் ஒருபோதும் ஆசிரியருக்கு ஈடாகாது. எனினும், அவ்விசைக்கு இவ்வுலகில் மதிப்புண்டு என்பதை அது உணர்த்தவல்லது. பாஸ்டனில் அரங்கேறிய அதே ஆண்டின் நவம்பரில், சியாங்சி வட்டாரத்தைச் சேர்ந்த பெங்ஹுவாங் என்னும் பழைய ஊரில், ஆற்றங்கரைத் திறந்தவெளியில் ‘நிலப்படம்’ நிகழ்த்தப்பட்டது. தம் முன்னோர் இசைக்குப் பெரியதொரு பல்லியக் குழு மறுமொழி கூறுவதை அந்நாட்டு மக்களே இருந்து கேட்டனர்.

மாணவர்களே, டான் டுன்னிடம் புதிய கருவிகள் அனைத்தும் இருந்தன. ஆயினும், 1981இல் கேட்ட கல்லிசையை அம்முதியவரிடமே கற்கும் பேற்றினை அவை அவருக்கு மீட்டுத் தரவில்லை. உங்கள் கையிலும் இன்று ஒலியையும் படத்தையும் பதியும் கருவி உள்ளது. அறிந்த பெரியோர் இருக்கும்போதே அவர்பால் சென்று, முதலில் செவியாற் கேளுங்கள், பிறகு பதிவு செய்யுங்கள், கூடுமாயின் கற்றுக்கொள்ளுங்கள்.