நான்கு கலங்கரை விளக்கங்களும் ஒரு வெயில் நாளும்

போன தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். 'என் நகரத்தின் அடையாளங்கள்' என்ற தலைப்பில் பத்துப் படங்கள் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி எழுத வேண்டும். "சென்ட்ரல், எல்.ஐ.சி., மெரினா, அப்புறம் ஏதாவது ரெண்டு மூணு. ஒரே நாள்ல முடிச்சிடலாம்ல மாமா?" என்றாள்.

முடிச்சிடலாம். ஆனா அந்தப் படங்கள் எல்லாம் ஏற்கெனவே ஆயிரம் பேர் எடுத்தவை. அதனால் நான் ஒரு நிபந்தனை போட்டேன்: ஒரே வகை அடையாளத்தை மட்டும் எடுப்போம், சென்னையின் நான்கு கலங்கரை விளக்கங்களை.

"நாலா? லைட்ஹவுஸ் ஒண்ணுதானே இருக்கு?"

இந்தக் கேள்விக்குத்தான் அன்றைக்கு முழுக்க நடந்தோம். சாயங்காலம் வேறொரு பதிலும் கிடைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சொல்

கலங்கரை விளக்கம் என்ற சொல்லை 'கலங்களுக்குக் கரையைக் காட்டும் விளக்கு' என்றே பலரும் புரிந்துகொள்கிறோம். பழைய உரையில் வேறு பொருள் இருக்கிறது. காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் 'கரை'. கரைதல் என்றால் அழைத்தல். கலத்தைக் கரையும் விளக்கம், அதாவது கப்பலைக் கூப்பிடும் விளக்கு. சிலப்பதிகாரத்தில் இந்தச் சொல்லே வருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் உயரமான மாடத்தின் மேல் ஏணி வைத்து ஏறி, இரவில் தீ மூட்டிக் கப்பல்களுக்குத் திசை காட்டுவது சொல்லப்படுகிறது.

ஆக, இந்தக் கட்டடம் கடலில் இருப்பவனோடு பேசுகிறது. கரையில் நின்று கேமராவைத் தூக்கும் நாம் அதன் முதுகுப் பக்கத்தில் நிற்கிறோம். காலையில் இது எனக்கு ஒரு சொல்லாராய்ச்சி மட்டும்தான். உறைத்தது பிறகு.

கோட்டை: 1796

ஒன்பது மணிக்குப் புனித ஜார்ஜ் கோட்டை. அருங்காட்சியகம் இருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில்தான் 1796இல் சென்னையின் முதல் விளக்கு ஏற்றப்பட்டது. தேங்காய் எண்ணெயில் எரிந்த விளக்கு. இன்று அங்கே விளக்கின் சுவடு எதுவும் கண்ணில் படாது. வெள்ளைச் சுவரும் நீளமான ஜன்னல்களும்தான்.

"இதுல எதை மாமா எடுக்கறது? வெறும் கட்டடம்தானே?"

நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் காலத்துச் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கப்பல்கள் கரைக்கு வர முடியாது. கடலிலேயே தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டி வந்து இறங்க வேண்டும். துறைமுக வேலை தொடங்கியது 1870களில்தான். அதையும் 1881இல் ஒரு புயல் உடைத்துப் போட்டது. இப்படிப்பட்ட கரையில், இருட்டில் எங்கே நிற்கிறோம் என்று தெரியாத கப்பலுக்கு அந்த எண்ணெய் விளக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

அவள் மாடி விளிம்பையும் மேலே இருந்த வெறும் வானத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்தாள். கீழே என்ன எழுதுவாய் என்று கேட்டதற்கு, "இங்கே ஒரு விளக்கு இருந்தது" என்றாள். இரண்டு வரி தேவைப்படவில்லை.

தூணும் கோபுரமும்: 1844, 1894

கோட்டையிலிருந்து உயர் நீதிமன்றம் நடக்கும் தூரம்தான். அந்த ஒரே வளாகத்தில் இரண்டு கலங்கரை விளக்கங்கள் இருக்கின்றன.

ஒன்று, கருங்கல்லில் எழுப்பிய கிரேக்க பாணித் தூண். சுமார் 125 அடி உயரம். 1844 தொடக்கத்தில் விளக்கேற்றினார்கள். நீதிமன்றக் கட்டடம் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பிருந்தே அது அங்கே நிற்கிறது. இன்னொன்று நீதிமன்றத்தின் மேலேயே இருக்கிறது. பிராசிங்டன் வரைந்து, ஹென்றி இர்வின் முடித்து, நம்பெருமாள் செட்டியார் கட்டிக் கொடுத்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1892இல் திறக்கப்பட்டது. அதன் மிக உயரமான கோபுரத்தில் 1894இல் விளக்கை ஏற்றினார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 175 அடி. தூண் அதோடு ஓய்வு பெற்றது.

"அம்பது வருஷம்தான் ஆச்சு. கல்லுத் தூணு, நல்லாத்தானே இருக்கு. ஏன் மாத்தினாங்க?"

பூமி உருண்டை என்பதுதான் பதில். எவ்வளவு பிரகாசமான விளக்காக இருந்தாலும் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டால் தெரியாது. விளக்கின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று தோராயமாகத் தெரியும். தூண் 38 மீட்டர். அடிவானம் 22 கிலோமீட்டரில். கோபுரம் 53 மீட்டர். அடிவானம் 26 கிலோமீட்டரில். பார்க்கிற மாலுமியின் கண் தண்ணீரிலிருந்து நாலு மீட்டர் உயரத்தில் இருந்தால் இரண்டோடும் இன்னொரு 7 கிலோமீட்டரைக் கூட்டிக்கொள்ளலாம்.

15 மீட்டர் உயரம் கூடினதுக்கு 4 கிலோமீட்டர்தானா என்று தோன்றும். வர்க்கமூலம் அப்படித்தான் கஞ்சத்தனம் பண்ணும். தூரத்தை இரண்டு மடங்காக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். ஆனால் காற்றை நம்பி ஓடும் கப்பலுக்கு அந்த 4 கிலோமீட்டர் என்பது முன்கூட்டியே கிடைக்கும் கொஞ்ச நேரம். திசை திருப்ப அது போதும்.

அழைக்கும் விளக்கு யாரை அழைக்கிறது என்று பார்ப்பதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்றபோது, போர் தொடங்கிச் சில வாரங்கள் ஆகியும் விளக்கு வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் அதன் நினைவுப் பலகை இருக்கிறது. 'அவன் பெரிய எம்டன்' என்று நாம் இன்றும் சொல்வது அந்த இரவின் மிச்சம்.

படம் ஏன் சரியாக வரவில்லை

என்னிடம் ஒரு பழைய தபால் அட்டைப் படத்தின் நகல் இருந்தது. அதில் தூணும் நீதிமன்றக் கோபுரமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். அதே இடத்தில் நின்று இன்றைக்கு ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதல் தடை வெயில். என்.எஸ்.சி. போஸ் சாலை நீதிமன்றத்துக்கு வடக்கே ஓடுகிறது. அங்கிருந்து கேமராவைத் தூக்கினால் தெற்கு நோக்கித்தான் பார்க்க முடியும். தை மாதத்தில் சென்னையில் சூரியன் நாள் முழுக்கத் தெற்குச் சரிவிலேயே போகும். நண்பகலில்கூட உச்சிக்கு வராது. அதனால் வடக்கு முகம் முழுக்க நிழல், வெளிச்சம் நேராக லென்ஸுக்குள். சிவப்புக் கல்லெல்லாம் கறுப்பாகத் தெரிந்தது. வெயில் நாள் என்றால் நல்ல படம் வரும் என்பது பாதி உண்மைதான். வெயில் நம் முதுகில் அடிக்க வேண்டும். ஃபிலிம் காலத்து ஆட்கள் சொல்லும் 'அப்பர்ச்சர் 16, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஷட்டர் நூற்றில் ஒரு நொடி' என்ற வெயில் கணக்கும் அப்படி நிற்பவனுக்குத்தான். ஆகவே கிழக்கே, ராஜாஜி சாலைப் பக்கம் போனோம். காலை வெயில் அந்தப் பக்கம்தான் விழும். பதினொரு மணிக்கே கொஞ்சம் தாமதம்.

இரண்டாவது தடை, நிற்கும் இடம். பழைய படத்தில் தூணுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி கோபுரம் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். நாம் வலப்பக்கம் நகர்ந்தால் கிட்டே இருப்பது இடப்பக்கம் நழுவும். தூரத்தில் இருப்பது நம்மோடு கூடவே வருவதுபோல் தெரியும். ரயில் ஜன்னலில் பார்த்திருப்பீர்கள். இப்படி நகர்ந்து நகர்ந்து இரண்டையும் பழைய படத்தில் உள்ளபடி பொருத்தினால், அந்தப் படக்காரர் நின்ற கோட்டின் மேல் வந்துவிடுவோம். கோடுதான் கிடைக்கும், புள்ளி கிடைக்காது. புள்ளிக்கு இன்னொரு ஜோடி அடையாளம் வேண்டும்.

எங்களுக்குக் கோடே கிடைக்கவில்லை. தூணை மரங்கள் மறைத்துவிட்டன. மரம் இல்லாத இடத்தில் வேன் நின்றது. வேன் இல்லாத இடத்தில், "இங்க ஃபோட்டோ எடுக்கக் கூடாது சார்" என்றார் காவலர். வளாகத்துக்குள் போய் எடுப்பதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது. மூட்டையைக் கட்டினோம்.

மெரினா: 1977

கோட்டை நிலையத்தில் பறக்கும் ரயில் பிடித்தால் கலங்கரை விளக்கம் என்ற பெயரிலேயே ஒரு நிறுத்தம் இருக்கிறது. இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு நான்காவது விளக்கத்துக்குப் போனோம். 1977 ஜனவரியில் தொடங்கிய முக்கோணக் கோபுரம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். உள்ளே லிஃப்ட் உண்டு. பல ஆண்டுகள் பொதுமக்களை விடாமல் மூடி வைத்திருந்து, 2013 நவம்பரில் மறுபடி திறந்தார்கள். விளக்கின் உயரம் சுமார் 57 மீட்டர். நம் கணக்குப்படி பழைய கோபுரத்தைவிட ஒரு கிலோமீட்டர்தான் அதிகம். இந்த முறை உயரத்தில் பெரிய மாற்றம் இல்லை. நீதிமன்றத்தின் தலையில் குடியிருந்த விளக்கு தனி வீட்டுக்கு வந்தது, அவ்வளவுதான்.

கீழே வந்தபோது மணலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் குப்பத்துக்காரர். அவள் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றிப் படமெடுப்பதைப் பார்த்து, "பாப்பா, அந்த செவப்புப் பட்டை எதுக்குன்னு தெரியுமா?" என்றார்.

"அழகுக்கா தாத்தா?"

"ராத்திரிக்கு வெளக்கு. பகல்ல வெளக்கு எரிஞ்சா யாருக்குத் தெரியும்? அதுக்குத்தான் செவப்பு. தூரத்துல இருந்து பாத்தாலே இன்ன எடம்னு தெரியணும்."

அப்புறம் அவர் சொன்னதை நான் வீட்டுக்கு வந்து எழுதி வைத்தேன். ஜி.பி.எஸ். வருவதற்கு முன்னால் மீன் கிடைத்த இடத்துக்கு மறுபடி எப்படிப் போவார்கள்? கரையில் ஒன்று, அதற்குப் பின்னால் ஊருக்குள் உயரமாக இன்னொன்று. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக மறையும்படி படகை நிறுத்துவது. அப்புறம் தெற்கே திரும்பி இன்னொரு ஜோடி. "ரெண்டு ஜோடியும் சரியா வந்துச்சுன்னா அதுதான் எடம். ஒண்ணை மட்டும் வெச்சுக்கினு ஒண்ணும் பண்ண முடியாது. காலைலதான் நல்லாத் தெரியும், வெயில் கட்டடத்து மூஞ்சில அடிக்கும். மதியத்துக்கு மேல எல்லாம் கறுப்பாப் பூடும்."

நான் பேசாமல் நின்றேன். காலையில் ராஜாஜி சாலையில் தபால் அட்டையைப் பிடித்துக்கொண்டு நான் தட்டுத் தடுமாறியது இதே வேலைதான். ஜோடி அடையாளம், கோடு, இரண்டு கோடு வெட்டும் புள்ளி, வெயிலின் திசை உட்பட. எனக்கு அது படக்கலை நுணுக்கம். அவருக்கு அது அன்றைய சோறு.

"இப்பவும் அப்படித்தான் பார்ப்பீங்களா தாத்தா?"

"எங்க? கையில பொட்டி வந்துடுச்சு. பழைய அடையாளம் பாதி, புதுக் கட்டடத்துக்குப் பின்னால பூடுச்சு. எம்புள்ளைக்குச் சொல்லியும் குடுக்கல. கேக்கவும் இல்ல."

நகரத்தின் அடையாளங்கள் என்று நாம் பட்டியல் போடும்போது கட்டடங்களை எண்ணுகிறோம். இடித்தால் போராடுகிறோம், புதுப்பித்தால் மகிழ்கிறோம். இரண்டும் நல்லதுதான். ஆனால் ஒரு கட்டடத்தை இன்னொன்றோடு சேர்த்துப் பார்த்து 'நான் இங்கே இருக்கிறேன்' என்று கண்டுபிடிக்கும் பார்வை ஒன்று இருந்தது. அதை எந்தப் பாரம்பரியச் சின்னப் பட்டியலிலும் சேர்க்க முடியாது. கட்டடம் அப்படியே நிற்கும்போதே அந்தப் பார்வை போய்விடும்.

ஒரு படம்

திரும்பவும் மேலே ஏற வேண்டும் என்று அவள் அடம்பிடித்தாள். ஏறினோம். பார்வையாளர் மாடத்தில் எல்லாரும் கிழக்கே கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் வடக்குப் பக்கம் போய் நின்றாள். மணல், அதற்கு அப்பால் துறைமுகத்தின் கிரேன்கள், அதற்கும் பக்கத்தில் மங்கலாக, ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் நீதிமன்றக் கோபுரம்.

"மாமா, அந்த லைட்ஹவுஸ் இங்கிருந்து தெரியுது!"

படத்தில் அது ஒரு நகக்கண் அளவுகூட இல்லை. சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுந்ததால் ஒரு ஓரம் மட்டும் சிவந்திருந்தது. ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அதைத்தான் ஒட்டினாள். கீழே இரண்டு வரி: "இது மூன்றாவது விளக்கம். நான் நான்காவதில் நிற்கிறேன்."

நீங்களும் போவதாக இருந்தால்: காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், கிழக்கு முகங்களை முதலில் எடுங்கள். நீதிமன்றத்துக்கு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் மெரினா விளக்கத்துக்குத் திங்கட்கிழமையும் விடுமுறை. மணலில் யாராவது வலை பிரித்துக்கொண்டிருந்தால் கேமராவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கேட்டால் சொல்லுவாங்க.