வளைவை விரிக்கும் கணக்கு

கணினித் திரையில் முப்பரிமாணமாக வரையப்படுவது காலணியாயினும், கார் இருக்கையின் உறையாயினும், கூடாரத்தின் கூரையாயினும், அதற்கான தோலும் துணியும் தொழிற்கூடத்துக்குத் தட்டையாகவே வந்து சேர்கின்றன. ஆகவே வளைந்த வடிவத்தைத் தளத்தில் விரித்து, வெட்டுவதற்குரிய துண்டுகளின் உருவை முதலில் எடுத்தாக வேண்டும். இந்த வெட்டுருவைத்தான் தொழிலில் 'பேட்டர்ன்' என்பர்.

எல்லா வளைவும் ஒரே வகையன்று. உருளையும் கூம்பும் ஒரு திசையில் மட்டுமே வளைந்தவை. கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால் அது கிழியாமல் மறுபடி தாளாகிவிடுவது இதனால்தான். பந்தைப் போல இரு திசைகளிலும் வளைந்த பரப்புக்கு அந்த வசதி இல்லை. ஒரு பரப்பை நீட்டாமலும் சுருக்காமலும் எவ்வாறு வளைத்தாலும் மாறாத ஒரு வளைவளவு உண்டென்று ஜெர்மானியக் கணிதவியலாளர் கௌஸ் 1827இல் நிறுவினார். தளத்தில் அவ்வளவு சுழியம், பந்தில் சுழியமன்று என்பதால், பந்தை விரிக்கும் எந்த மென்பொருளும் நீளத்தையோ கோணத்தையோ பரப்பளவையோ எங்கேனும் விட்டுக்கொடுத்தே தீர வேண்டும். எதை, எங்கே விட்டுக்கொடுப்பது என்பதில்தான் திறமை அடங்கியிருக்கிறது.

கணினி பெரும்பாலும் வளைந்த பரப்பை நுண்ணிய முக்கோணங்களின் வலையாக மாற்றிக்கொண்டே இவ்வேலையைச் செய்கிறது. வலையின் ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகையாயின் அவ்விடம் சிக்கலின்றி விரியும்; குறைந்தால் அது குவிந்த இடம், அழுத்தினால் பிளக்கும்; மிகுந்தால், ஒரு திசையில் மேலும் மறுதிசையில் கீழும் வளைந்த சேண வடிவம், விரித்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கனசதுரத்தின் ஒவ்வொரு மூலையிலும் மூன்று செங்கோணங்கள் கூடி 270 பாகையே ஆவதால், மூலைக்கு 90 வீதம் எட்டு மூலைகளுக்கும் 720 பாகை குறைகிறது. துளையற்ற மூடிய வடிவம் எதை எடுத்துக் கூட்டிக் கழித்தாலும் விடை இதே 720தான் என்பது வியப்புக்குரியது.

காலணியில் இரு வகையும் உண்டு: விரல் முனை குவிந்தது, புறங்கால் கணுக்காலை நோக்கி எழும் இடம் சேண வடிவம். 'லாஸ்ட்' எனப்படும் கால் வடிவ அச்சின்மீது ஒட்டுக் காகித நாடாவை இடைவெளியின்றி ஒட்டி, அதன்மேல் வடிவக் கோடுகளை வரைந்து, நடுக்கோட்டில் கத்தியால் கீறி, இரு பாதிகளாக உரித்து அட்டையில் அழுத்திப் படிய வைப்பது கைமுறை. விளிம்பில் சிறு நறுக்குகள் இட்டாலன்றி நாடா படியாது. எஞ்சும் சுருக்கத்தை, அச்சின் அடியில் மடிந்து மறையப்போகும் ஓரத்துக்குத் தள்ளிவிடுவதில்தான் தேர்ந்த கை தெரியும். காலின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஒத்திராமையால், இரு பாதிகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வேறுபாட்டின் நடுவே கோடிழுத்து ஒரே உருவாக்குவதும் வழக்கம்.

லாஸ்டை ஸ்கேன் செய்து விரிக்கும் மென்பொருளும் ஏறக்குறைய இதையே செய்கிறது. முக்கோணங்களின் பக்கங்களைச் சுருள்வில்களாகக் கருதி, அவற்றின் மொத்த இறுக்கம் மிகக் குறையும் வரை புள்ளிகளை நகர்த்துவது ஒரு வழி. புரூனோ லெவியும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட முறையோ கோணங்களை இயன்றவரை காப்பது. முப்பரிமாண உருவத்தின்மேல் படம் ஒட்டுவதற்கு அது மிக உதவும். ஆயினும் கோணத்துக்காகப் பரப்பளவை ஓரிடத்தில் பெருக்கி வேறிடத்தில் சுருக்குவதால், அதன்படி அப்படியே வெட்டித் தைத்த காலணி காலுக்குப் பொருந்தாது.

பொருளின் இயல்பும் இங்கே குறுக்கிடுகிறது. நெய்த துணியில் பாவும் ஊடையும் அதிகம் நீளாவிடினும் அவற்றுக்கு இடையிலான கோணம் சாய்ந்து கொடுக்கும்; ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷேவ் 1878இல் பாரிஸில் ஆடை வெட்டுவது பற்றி ஆற்றிய உரையில் இதைக் கணக்காக வடித்தார். கிராஸாக வெட்டிய ரவிக்கைத் துணி உடலோடு படிவதற்கும் அதுவே காரணம். தாள் அவ்வாறு இணங்காது. தோலோ முதுகுப் பகுதியில் குறைவாகவும் வயிற்றுப் பகுதியில் மிகுதியாகவும் நீளும்; லாஸ்டின்மீது அதை இழுத்துப் பொருத்தும்போது எவ்வளவு நீளும் என்பதை முன்கூட்டியே கணித்து, வெட்டுருவைச் சற்றுச் சிறிதாக்குவர்.

கூடுதலாக ஒரு வெட்டு இட்டால் திரிபு குறையும். ஆனால் ஒவ்வொரு வெட்டும் ஒரு தையல், ஒவ்வொரு தையலும் கூலி, அதன் வழியே மழைநீர் புகவும் கூடும். துண்டுகளைப் பிரித்தபின், ஒன்றோடொன்று தைக்கப்படவேண்டிய விளிம்புகளின் நீளம் ஒத்திருக்கிறதா என்று சரிபார்த்து, தையல் விளிம்பும் பொருத்தக் குறிகளும் சேர்த்த பிறகே வெட்டுரு வெட்டும் எந்திரத்துக்குப் போகிறது.