மார்க் மட்டும் போதுமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரக் காலனிகளில் அம்மா ஷூ கம்பெனிக்கும் அப்பா தோல் பதனிடும் வேலைக்கும் போகும் வீடுகள் ஏராளம். மாலையில் பாடம் சொல்லித்தர அங்கே ஆள் இல்லை. டியூஷனுக்குப் பணமும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டிய ஒரே இடம் பள்ளிக்கூடம்தான்.

கல்வி உரிமைச் சட்டம், 2009 இதைத் தெளிவாகவே சொல்கிறது. பிள்ளை புரிந்துகொண்டதைத் தொடர்ந்தும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்கிறது அதன் 29-வது பிரிவு. தமிழகத்தில் 2012-13-ல் முப்பருவ முறை வந்தபோது, 100 மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கப்பட்டது. பேசுவது, செய்துகாட்டுவது, சிறு தேர்வு எழுதுவது எல்லாம் இதில் சேரும். மீதி 60 பருவத் தேர்வுக்கு.

2019-ல் சட்டம் திருத்தப்பட்டு, 5, 8-ம் வகுப்புகளில் பிள்ளைகளை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழி திறக்கப்பட்டது. தமிழக அரசும் அந்த ஆண்டே இரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு அறிவித்தது. எதிர்ப்பு வலுத்ததால் 2020 பிப்ரவரி 4 அன்று அதைக் கைவிட்டது.

“பரீட்சை இல்லாவிட்டால் பிள்ளை எப்படிப் படிக்கும்?” என்று நம் பெற்றோரே கேட்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமலே 8-ம் வகுப்பு வரை வந்துவிடும் பிள்ளைகளைப் பார்த்த வேதனை அது. நியாயமான கேள்விதான். ஆனால், 2-ம் வகுப்பில் கவனிக்காமல் விட்டதற்கு 5-ம் வகுப்பில் பிள்ளையைத் தண்டிப்பது தீர்வாகாது. வசதியான வீட்டுப் பிள்ளை ஃபெயிலானால் டியூஷன் வைப்பார்கள். நம் பிள்ளை ஃபெயிலானால் படிப்பே நின்றுபோகும். அடுத்து அது போய்ச் சேருவது வேலைக்குத்தான்.

2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. நோக்கம் நல்லது. ‘அரும்பு’ என்று பிரித்த பிள்ளை அங்கேயே தேங்கிவிடாமல் மேலே வருகிறதா என்பதுதான் கேள்வி. சேரிப் பிள்ளைகள் எப்போதும் ஒரே குழுவில் இருந்தால், அது மதிப்பீடு அல்ல. பழைய கடைசி பெஞ்சுக்குப் புதுப் பெயர்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும், ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கு உரிய பங்கு வேண்டும் என்கிறது சட்டம். கம்பெனிக்குப் போகும் தாய்மாரும் வந்து உட்காரும்படி விடுமுறை நாளில் கூட்டம் வைக்கச் சொல்லிக் கேட்போம்.

கூட்டத்தில் “எத்தனை மார்க்?” என்பதோடு நிறுத்த வேண்டாம். “என் பிள்ளைக்கு எது வருகிறது? எது வரவில்லை? அதற்கு அடுத்த மாதம் என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்போம். பதில் சொல்ல வேண்டிய கடமை பள்ளிக்கு உண்டு.