அஸ்டன் வில்லாவுக்கும் கண்டி கிளப்புக்கும் ஒரே வயது! தெரியுமா?

மெஸ்ஸி ஆடிய பார்சலோனா கழகம் தொடங்கிய வருடம் எது? புசல்லாவை டவுனில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். நாலு பேரில் ஒருவராவது 1899 என்று பட்டென்று சொல்லிவிடுவார்! சரி, பஸ் ஏறி கம்பளையையும் பேராதனையையும் தாண்டினால் வரும் கண்டியில், அந்தப் பார்சலோனாவை விட 25 வருடம் மூத்த கழகம் ஒன்று இருக்கிறதே, அது தெரியுமா?

அதுதான் ரக்பி ஆடும் கண்டி விளையாட்டுக் கழகம்! பிறந்த வருடம் 1874! 2024இல் 150 வயதைத் தொட்டுவிட்டது!

1874 என்றால் எவ்வளவு பழசு என்று நினைக்கிறீர்கள்? அப்போது தொலைபேசி இல்லை. கிரஹாம் பெல் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1876இல்! மோட்டார் கார் இல்லை! விமானம் பறக்க இன்னும் 29 வருடம்! பாரதியார் பிறக்க இன்னும் 8 வருடம்! உலகத்தின் முதலாவது டெஸ்ட் கிரிக்கெட் போட்டிக்கே இன்னும் 3 வருடம் பாக்கி! ஃபிஃபா பிறந்தது 1904, முதல் உலகக் கிண்ணம் நடந்தது 1930. நம் கண்டிக் கழகம் அப்போதே அரை நூற்றாண்டைக் கடந்திருந்தது!

இன்னொன்று கேளுங்கள். இங்கிலாந்தின் அஸ்டன் வில்லா எந்த வருடம்? 1874! போல்டன் வொண்டரர்ஸ்? 1874! ஸ்கொட்லாந்தின் ஹார்ட்ஸ்? அதுவும் 1874! 1982இல் ஐரோப்பியக் கிண்ணத்தையே தூக்கிய வில்லாவும் மகாவலிக் கரையோரத்துக் கண்டிக் கழகமும் ஒரே வருடத்துப் பிள்ளைகள்!

கால்பந்து ஆடுபவர்கள் முழங்காலுக்குக் கீழே கட்டும் காப்பு இருக்கிறதே, அதுவும் அதே 1874ஆம் வருடத்து வரவு என்பது தெரியுமா? நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் வீரர் சாம் விடோசன் கிரிக்கெட் கால்காப்பை வெட்டிச் சின்னதாக்கி, காலுறைக்கு மேலேயே கட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கினார்! அதற்கு முன்னால் காப்பில்லாத காலில்தான் உதை வாங்கினார்கள்!

அன்றைய கால்பந்தில் பெனால்டி கிக் கிடையாது. நம்ப முடிகிறதா? அது வந்தது 1891இல். கோல் வலையும் 1891இல்தான். பல மைதானங்களில் இரண்டு கம்பங்களுக்கு மேலே குறுக்குக் கம்பம்கூட இல்லை, ஒரு நாடாவைக் கட்டி வைத்திருந்தார்கள்! பந்து நாடாவுக்கு மேலே போனதா கீழே போனதா என்று எத்தனை சண்டை நடந்திருக்கும்!

ரக்பி இன்னும் வேடிக்கை! இன்று ஒரு பக்கத்துக்கு 15 பேர். 1874இல் சர்வதேசப் போட்டியில் எத்தனை பேர் தெரியுமா? 20 பேர்! இரண்டு பக்கமும் சேர்த்து 40 பேர் ஒரே மைதானத்தில்! 15 ஆகக் குறைந்தது 1877இல்தான். அதை விட அதிசயம், அன்று ட்ரை வைத்தால் புள்ளியே கிடையாது! கம்பத்துக்கு மேலே பந்தை உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு கிடைக்கும், அவ்வளவுதான். அதனால்தான் அந்தப் பெயரே வந்தது!

சரி, அந்த 1874இல் மலைநாட்டில் வேறென்ன நடந்தது? ரயில் நாவலப்பிட்டிக்கு வந்து சேர்ந்தது! கண்டிக்கு 1867இலேயே வந்துவிட்டது. நானு ஓயாவைத் தொட 1885 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதுளைக்கோ 1924! அதாவது கண்டிக் கழகத்துக்கு 50 வயதான பிறகுதான் பதுளைக்கு ரயில் போனது!

அப்போது மலை முழுக்கத் தேயிலை என்றா நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! எல்லாம் கோப்பி! ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். 1873இல் லண்டனுக்குப் போன தேயிலை வெறும் 23 இறாத்தல்! இரண்டு கையில் தூக்கிக்கொண்டு போகலாம்!

இந்த இடத்தில் புசல்லாவைக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். டெய்லருக்கு 26 வருடம் முன்னதாக, 1841இலேயே சீனத்துத் தேயிலைக் கன்று ஊன்றப்பட்டது எங்கே தெரியுமா? நம் புசல்லாவை ரொத்ஸ்சைல்ட் தோட்டத்தில்! ஐரோப்பாவின் கோடீஸ்வர வங்கிக் குடும்பமான ரொத்ஸ்சைல்டுகளின் உறவினர்களான வோர்ம்ஸ் சகோதரர்கள் கொண்டு வந்து நட்டது! அந்தக் குடும்பப் பெயர்தான் இன்றும் தோட்டத்துப் பெயர்!

பிறகு கோப்பிக்கு என்ன ஆனது? 1869இல் கண்ணில் பட்ட ஓர் இலை நோய், 20 வருடத்துக்குள் மொத்தக் கோப்பியையும் தின்று தீர்த்தது! பெரிய பெரிய துரைமாரெல்லாம் நொடித்துப் போனார்கள். தோட்டங்கள் கைமாறின. கோப்பிக் காலத்தில் பிறந்த கழகமோ தப்பிப் பிழைத்து, தேயிலைக் காலத்தையும் பார்த்து, இன்றும் ஆடுகிறது!

ஆனால் ஒன்றை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்தக் கோப்பியையும் தேயிலையையும் உண்டாக்கியவர்கள் யார்? மன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்த நம் பாட்டன் பூட்டன்மார்! வழியிலேயே செத்து விழுந்தவர்கள் கணக்கில்லை. துரைமார் கிளப்புகளில் அவர்களுக்கு ஆட இடமில்லை. பிரட்டுக்கு விடியுமுன்னே எழுந்தவர்களின் வியர்வையும் அந்த மைதானங்களுக்கு அடியில் கிடக்கிறது. கழகங்களின் வரலாற்றை எழுதுபவர்கள் இதையும் எழுத வேண்டும்!

கொழும்பு எப்போது விழித்துக்கொண்டது? கிரிக்கெட்டில் கொழும்புக் கழகம் 1863இலேயே வந்துவிட்டது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ரக்பி ஆடிய கொழும்பு ஃபுட்போல் கிளப் பிறந்தது 1879இல்! கண்டிக்கு 5 வருடம் இளையது! அவர்கள் ஜூன் 28இல் கூட்டம் போட்டுக் கழகத்தைத் தொடங்கினார்கள், இரண்டே நாளில், ஜூன் 30இல், முதல் மெட்ச் ஆடினார்கள்! எதிரணியின் பெயர் என்ன தெரியுமா? ‘உலகம்’! ஆமாம், கொழும்பு எதிர் உலகம்! எவ்வளவு துணிச்சல் பாருங்கள்!

கல்கத்தாவில் அதற்கு முன்பே ஒரு கூத்து நடந்திருக்கிறது! 1872 கிறிஸ்மஸ் தினத்தில் 20 பேருக்கு 20 பேர் ரக்பி ஆடினார்கள். அடுத்த மாதமே கல்கத்தா ஃபுட்போல் கிளப் பிறந்தது. இலவச மதுபானம் கொடுத்தவரை உறுப்பினர்கள் குவிந்தார்கள். இலவசத்தை நிறுத்தினார்கள், கூட்டம் கலைந்துவிட்டது! வெயில் வேறு தாங்கவில்லை. 1878இல் கழகத்தை மூடும்போது வங்கியில் மிச்சமிருந்த பணத்தை என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? 270 வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி ஒரு கிண்ணம் செய்தார்கள்! கைப்பிடி மூன்றும் படமெடுத்த நாகம்! மூடியின் மேலே யானை! இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் 1879இலிருந்து இன்று வரை மோதுவது அந்தக் கல்கத்தாக் கிண்ணத்துக்காகத்தான்! ஐந்து வருடம் வாழ்ந்த ஒரு கழகத்தின் பெயர் 145 வருடத்துக்கு மேலாக நிலைத்து நிற்கிறது!

இலங்கையில் ரக்பிப் பந்தைப் பாடசாலைக்குள் கொண்டுவந்த முதல் ஊர் எது? கொழும்பா? இல்லை, கண்டி! லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்ற பறங்கியர் இனத்து ஆசிரியர், கண்டியிலேயே பிறந்தவர், 1891 மே 4இல் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். முதல் நாளில் எத்தனை மாணவர்கள் தெரியுமா? 11 பேர்! ஒரு ரக்பி அணிக்குக்கூடப் போதாது! ஆனாலும் அதே வருடத்தில் ரக்பி சொல்லிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்! அந்தப் பதினோரு பேர் பாடசாலைதான் இன்றைய கிங்ஸ்வூட் கல்லூரி!

இலங்கையின் முதலாவது பாடசாலை ரக்பி மெட்சும் கண்டியில்தான் நடந்தது! 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதின. முடிவு? 6க்கு 6! வெற்றி தோல்வி இல்லை! முதல் மெட்சிலேயே சமம்!

இன்னொரு கண்டிப் பெருமையையும் சொல்லியாக வேண்டும். திரித்துவமும் கொழும்பு றோயல் கல்லூரியும் 1945இலிருந்து பிரட்பி கேடயத்துக்காக மோதுகின்றன. ஒரு மெட்ச் கொழும்பில், ஒரு மெட்ச் கண்டியில். இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டித்தான் வெற்றியாளர்! முதல் மெட்சில் தோற்றவர்கள் இரண்டாவதில் ஜெயித்துக் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம்!

இலங்கை ரக்பிச் சங்கம் உருவானது 1908இல். தலைசிறந்த கழகங்கள் மோதும் கிளிஃபர்ட் கிண்ணம் யார் பெயரில் இருக்கிறது தெரியுமா? சேர் ஹியூ கிளிஃபர்ட்! கோல்ட் கோஸ்ட், நைஜீரியா, இலங்கை, மலாயாவின் நீரிணைக் குடியேற்றங்கள் என்று நாலு நாடுகளில் தேசாதிபதியாக இருந்தவர்! அதோடு கதை எழுதியவர், நாவலாசிரியர் ஜோசப் கொன்றாடின் நண்பர்!

பிரிட்டிஷ் லயன்ஸ் ரக்பி அணி இலங்கையில் ஆடியிருக்கிறது என்பது தெரியுமா? 1950இல்! நியூசிலாந்து, அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணம் முடிந்து கப்பலில் வீடு திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கி ஒரு மெட்ச்! ஸ்கோர் 44க்கு 6. தோல்விதான். ஆனாலும் உலகப் புகழ்பெற்ற அணிக்கு எதிராக 6 புள்ளி எடுத்தோமே!

சரி, கடல் கடந்து கொஞ்சம் தூரம் போவோம். ஸ்லோவாக்கியா என்ற நாட்டின் மிகப் பழைய கால்பந்துக் கழகம் பிரெஷோவ் ஊரின் தத்ரான். பிறந்தது 1898இல். நம் கண்டிக் கழகத்துக்கு 24 வயது இளைய தம்பி! அங்கே இன்னொரு கழகம், 1919இல் பிறந்த ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா. அது என்ன செய்தது தெரியுமா? 1969 மே 21இல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், பார்சலோனாவையே 3க்கு 2 என்று சாய்த்து ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ணத்தைக் கைப்பற்றியது! முதல் கோல் விழுந்தது இரண்டாவது நிமிடத்தில்! அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வேறெந்தக் கழகமும் அப்படியொரு ஐரோப்பியக் கிண்ணத்தைத் தொட்டதில்லை! சின்ன ஊர்க் கழகம் என்று யாரையும் லேசாக எடை போடாதீர்கள்!

மீண்டும் கண்டிக்கு வருவோம். கழகத்தின் சொந்த மைதானம் நித்தவெல. 1990களுக்குப் பிறகு இலங்கை ரக்பியின் லீக் கிண்ணங்கள் அள்ளி அள்ளி இங்கேதான் வந்தன! கொழும்புக் கழகங்கள் நித்தவெலவுக்கு வந்து ஜெயித்துவிட்டுப் போவது என்றால் அது பெரிய செய்தி! தேசிய அணித் தலைவராக இருந்த பாசில் மரிஜா இந்தக் கழகத்துக்கு ஆடியவர். அவர் படித்தது எங்கே தெரியுமா? பதினோரு பேரோடு தொடங்கிய அதே கிங்ஸ்வூட்!

எழுவர் ரக்பியைக் கண்டுபிடித்தவர் யார்? ஒரு இறைச்சிக் கடைக்காரர்! ஸ்கொட்லாந்தின் மெல்ரோஸ் ஊரைச் சேர்ந்த நெட் ஹேக். கழகத்துக்குப் பணம் சேர்க்க 1883இல் செய்த யோசனை! 1999இல் அந்த எழுவர் ஆட்டத்தின் சர்வதேசப் போட்டிக்குக் களமானது கண்டி! இன்று அது ஒலிம்பிக் விளையாட்டு!

கண்டியின் அஸ்கிரிய மைதானம் யாருக்குச் சொந்தம்? அரசாங்கத்துக்கா? கிரிக்கெட் சபைக்கா? ஒரு பாடசாலைக்கு! திரித்துவக் கல்லூரிக்கு! மலையை வெட்டிச் சமப்படுத்திய அந்த மைதானத்தில் 1983இல் அவுஸ்திரேலியா டெஸ்ட் ஆடியது. 2007 டிசம்பர் 3இல் அங்கேதான் முத்தையா முரளிதரன் போல் கொலிங்வுட்டைப் போல்ட் ஆக்கி 709ஆவது விக்கெட்டை எடுத்து, ஷேன் வோர்னின் சாதனையை உடைத்தார்! அவருடைய தாத்தா 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்! தோட்டத்துக்கு வந்தவரின் பேரன், தான் பிறந்த ஊரிலேயே உலக சாதனை! உடம்பு சிலிர்க்கவில்லையா?

கால்பந்துப் பிரியர்கள் கோபிக்க வேண்டாம், உங்களுக்கும் ஒன்று இருக்கிறது! 2021இல் இலங்கையின் முதல் தொழில்முறைக் கால்பந்துச் சூப்பர் லீக் தொடங்கியபோது மொத்தம் 10 அணிகள். அதில் ஒன்று எந்த ஊர்? நம் பக்கத்து நாவலப்பிட்டி! அப் கன்ட்ரி லயன்ஸ்! தலைநகரத்துப் பெரிய கழகங்களோடு மலைநாட்டுச் சிங்கங்களும் ஒரே மேசையில்!

கடைசியாக உங்களுக்கு ஒரு கேள்வி! கண்டிக் கழகத்தின் பிறந்த வருடம் யாரோ ஒருவர் எழுதி வைத்ததால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. உங்கள் தோட்டத்து இளைஞர் கழகம், உங்கள் டிவிஷன் டீம் தொடங்கிய வருடம் எது? முதல் கப் எங்கே ஜெயித்தது? முதல் கேப்டன் யார்? தெரியாதென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே வயதில் மூத்தவர்களிடம் போய் உட்காருங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதுங்கள், பழைய போட்டோக்களின் பின்னால் பெயர்களையும் வருடத்தையும் குறித்து வையுங்கள்!