ஆய்வுக்கூடத்தில் பிறந்தது கடைக்கு வருவது எப்படி?

உங்கள் வீட்டில் வை-ஃபை இருக்கிறதா? கம்ப்யூட்டரில் எம்பி3 பாடல்கள் வைத்திருக்கிறீர்களா? கூகுளில் தேடாத நாள் உண்டா? இந்த மூன்றுக்குள்ளும் ஏதோ ஒரு பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ கண்டுபிடித்த நுட்பம் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் தொழிற்சாலை கிடையாது, விற்பனைப் பிரிவும் கிடையாது. அப்படியானால் அங்கே பிறந்தது உங்கள் மேஜைக்கு எப்படி வந்தது? இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

லைசென்ஸ் வழி

முதல் வழியில், கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை, அதாவது பேடண்ட் வாங்கிக்கொண்டு, அதைப் பயன்படுத்தும் உரிமையை ஏற்கெனவே தொழில் நடத்தும் கம்பெனிகளுக்குக் கொடுப்பார்கள். ஆரம்பத்தில் ஒரு தொகை, பிறகு விற்பனைக்கு ஏற்ப ராயல்டி என்று ஒப்பந்தம் போடுவது வழக்கம். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் எம்பி3 நுட்பத்துக்கு இப்படித்தான் பணம் பெற்றது. அந்த லைசென்ஸ் திட்டம் 2017 ஏப்ரலில் முடிந்தது.

பேடண்ட் கையில் இருந்தால் மட்டும் பணம் வந்துவிடாது. அறைச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலைகள் ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்க, ஆஸ்திரேலிய அரசின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனம் ஒரு நுட்பம் கண்டுபிடித்தது. 1996-ல் அமெரிக்கப் பேடண்ட்டும் கிடைத்தது. ஆனால் வை-ஃபை பரவியபோது பல பெரிய கம்பெனிகள் பணம் தர மறுத்தன. வழக்குப் போட்டு 2009-ல் 14 கம்பெனிகளுடனும், 2012-ல் மேலும் சிலருடனும் சமரசம் செய்துகொண்ட பிறகுதான், மொத்தம் 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது.

தனிக் கம்பெனி வழி

இரண்டாவது வழியில், கண்டுபிடித்தவர்களே ஒரு கம்பெனி தொடங்குகிறார்கள். இதற்கு ஸ்பின்-ஆஃப் என்று பெயர். பேடண்ட் பெரும்பாலும் ஆய்வு நிறுவனத்திடமே இருக்கும். புதுக் கம்பெனியிடம் ரொக்கம் இருக்காது என்பதால், உரிமைக்கு ஈடாகப் பங்குகள் வாங்கிக்கொள்வார்கள். கூகுள் தேடலின் அடிப்படையான பேஜ்ரேங்க் பேடண்ட் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக இருந்தது. அதற்கு ஈடாகப் பெற்ற 18 லட்சம் கூகுள் பங்குகளை 2005-ல் விற்றபோது, அதற்கு 33.6 கோடி டாலர் கிடைத்தது.

நம் ஊரில்

சென்னை ஐஐடியில் இந்த இரண்டு வழிகளும் ஒன்றாகச் சேர்ந்த கதை கார்டெக்ட். ஒரு தொலைபேசி இணைப்பு கொடுக்க ஆகும் செலவைப் பெருமளவு குறைக்க வேண்டும் என்று 1990-களில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு இறங்கியது. மாணவர்கள் தொடங்கிய மைடாஸ் கம்பெனியும், சிப் தயாரிக்கும் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸும் கூட்டுச் சேர்ந்தன. கருவி முழுதாகத் தயாராகும் முன்பே சில இந்தியத் தயாரிப்பாளர்கள் கொடுத்த லைசென்ஸ் பணம் ஆய்வுச் செலவுக்கு உதவியது. வயரே இல்லாமல் பேச்சும், 35 முதல் 70 கேபிபிஎஸ் வேகத்தில் இன்டர்நெட்டும் கிராமங்களுக்குப் போயின. செல்போன் மலிவானதும் கார்டெக்ட்டுக்குத் தேவை குறைந்துவிட்டது. ஆனால் ஆய்வுக்கூடம், புதுக் கம்பெனி, தயாரிப்பாளர் மூவரும் சேர்ந்து வேலை செய்யும் முறை நிலைத்தது. தரமணியில் 2010-ல் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவும் வந்தது.

எந்தக் கண்டுபிடிப்புக்கு எந்த வழி ஏற்றது? வடசென்னையைப் பார்த்தால் எளிதாகப் புரியும். எண்ணூரிலும் ராயபுரம் பக்கத்திலும் கப்பல் நிற்கும் தளங்களைத் தாங்கும் தூண்கள் உப்புத் தண்ணீருக்குள் நிற்கின்றன. மேலே சிப்பி ஒட்டியிருக்கும், உள்ளே துரு ஏறும். கலங்கிய தண்ணீரில் ஆள் மூழ்கிப் பார்ப்பது ஆபத்தான வேலை. மணலி சுத்திகரிப்பு ஆலையிலோ கொதிக்கும் எண்ணெய் ஓடும் குழாய்கள். அவை உள்ளுக்குள் தேய்வது வெளியே தெரியாது.

பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் ஐஐடி ஆய்வு மையம் இந்த வகைச் சிக்கல்களுக்காகக் கேளா ஒலி அலைகளை வைத்து நுட்பங்களை உருவாக்கியது. அங்கிருந்து வந்த பிளானிஸ் கம்பெனி 2015 முதல் துறைமுகம், அணை, பாலம் ஆகியவற்றை நீருக்கடியில் சோதிக்கும் ரோபோக்களைச் செய்கிறது. டிடெக்ட் டெக்னாலஜீஸ், சூடான குழாய்களின் தேய்மானத்தைக் கண்காணிக்கும் சென்சாருடன் தொடங்கியது. இவற்றை பேடண்ட் காகிதமாக மட்டும் ஒரு கம்பெனியிடம் கொடுத்திருந்தால் பயன் குறைவுதான். ஒவ்வொரு துறைமுகமும் ஒவ்வொரு குழாயும் வேறு. திரையில் தெரியும் அலையைப் படிக்கத் தெரிந்தவர் நேரில் வர வேண்டும். அறிவு ஆளோடு சேர்ந்தே போக வேண்டியிருந்தால் ஸ்பின்-ஆஃப் நல்லது. ஒரு சிப்பிலோ ஒரு ஃபார்முலாவிலோ முழுதாக அடங்கிவிட்டால் லைசென்ஸ் போதும்.

மாணவர்கள் கவனத்துக்கு

திருவொற்றியூர் பாலிடெக்னிக் மாணவரோ எண்ணூர் பட்டறைக்காரரோ, யாருடைய கண்டுபிடிப்புக்கும் விதி ஒன்றுதான்: விண்ணப்பிக்கும் முன் வெளியே காட்டக் கூடாது. கல்லூரிக் கண்காட்சியில் வைத்து, யூடியூபில் வீடியோவும் போட்டுவிட்டால் அது 'புதியது' அல்ல என்று சொல்லி பேடண்ட்டை மறுக்க முடியும். சட்டத்தில் சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும் அவற்றை நம்பி இறங்க வேண்டாம்.

முழு விவரமும் தயாராகவில்லை என்றால் தற்காலிக விண்ணப்பம் போடலாம். அந்தத் தேதி உங்களுக்கு உறுதியாகிவிடும். முழு விவரத்தைத் தர 12 மாதம் அவகாசம் உண்டு. தனிநபர் ஆன்லைனில் தாக்கல் செய்ய ஆரம்பக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசோதனைக்கும், பின்னர் ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் தனிக் கட்டணம். பேடண்ட்டின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். நாட்டில் உள்ள நான்கு பேடண்ட் அலுவலகங்களில் ஒன்று கிண்டியில் இருக்கிறது.

சாப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு ஒரு விஷயம். வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு இந்தியாவில் பேடண்ட் கிடையாது. அதற்குப் பதிப்புரிமைதான் பாதுகாப்பு, எழுதிய உடனே அது உங்களுக்கு உண்டு.

கல்லூரியின் லேப், கருவி, பணம் ஆகியவற்றைப் பயன்படுத்திச் செய்திருந்தால் கல்லூரியும் உரிமை கோரலாம். வேலையைத் தொடங்கும்போதே யாருக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வரத் தொடங்கிய பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் சண்டையில்தான் முடியும்.